சக்கரத்தடியில் கரைக்காரர்

கரிசல் காட்டில் கல் கிடக்காது. மருதுபாண்டிக்கு இது தெரியாத சங்கதியா என்ன? மல்லாங்கிணற்றில் பிறந்து அந்தப் புழுதியிலேயே புரண்டு எழுந்தவன். கறுப்பு மண்ணைத் தோண்டிக்கொண்டே போனால் கீழேயும் கறுப்பு மண்தான் வரும். அங்கே ஒரு கல் இருக்கிறது என்றால், யாரோ ஒருவர் வேலை மெனக்கெட்டு எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் அவசரம் என்று ஒன்று வந்துவிட்டால் மருதுபாண்டிக்கு அந்தப் பிள்ளைக்கு இருக்கிற புத்திகூட இருக்காது. அவன் கல்யாணத்தன்றைக்கே மாலை மாற்றின கையோடு, சடங்கு முடியுமுன்னே மணவறையை விட்டு எழுந்தவன் என்று அவன் மனைவி ரேணுகாதேவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

சித்திரை பிறந்திருந்தது. பரளச்சிக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேல விறகை மண்மூடி எரித்துக் கரி எடுத்திருந்தார்கள். அந்தக் கரி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரத்தான் மருதுபாண்டி தன் லாரியைக் காலியாக ஓட்டிக்கொண்டு போனான். கண்மாய்க் கரைமேல் ஏறி மறுபக்கம் இறங்கினால் கரிமூட்டம். கரையில் முக்கால்வாசி ஏறியிருப்பான், போன மழை அரித்து வைத்திருந்த பள்ளத்தில் இடது முன்சக்கரம் விழுந்தது. அடியிலிருந்து மடார் என்று ஒரு சத்தம். வண்டி ஒருபக்கம் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றுவிட்டது.

இறங்கிக் குனிந்து பார்த்தான். முன்பக்கத்து ஸ்பிரிங் கட்டில் மேலே இருக்கிற மெயின் பட்டை இரண்டு துண்டு. அச்சு பின்னால் நகர்ந்து, டயர் மட்கார்டைப் போய் முட்டிக்கொண்டிருந்தது. முன்னாலும் ஏற்ற முடியாது, பின்னாலும் இறக்க முடியாது. நடுக்கரையில் வகையாக மாட்டிக்கொண்டான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அந்தப் பள்ளத்தைத் திட்டிவிட்டு, ஏசுவடியானுக்குப் போன் போட்டான்.

ஏசுவடியான் அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் லாரிப் பட்டை கட்டுகிற பட்டறை வைத்திருப்பவன். மருதுபாண்டிக்கு ஒத்த வயதுக்காரன், பள்ளிக்கூடத்துச் சேக்காளி. அவசரத்தில் ஒருவன் அந்தக் கோடி என்றால், நிதானத்தில் மற்றவன் இந்தக் கோடி. எங்கே வேலைக்குக் கூப்பிட்டாலும் குட்டியானை வண்டி நிறையப் புளிய மரக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு வருவான். பட்டையைவிடக் கட்டைதான் அதிகமாக இருக்கும். 'கட்டை ஏசு' என்றுதான் ஊரில் பேர். அவனுக்கு அதில் கோபமே கிடையாது.

வந்தவன் வண்டியைத் தொடவில்லை. முன்னால் நின்று பார்த்தான், பின்னால் போய்ப் பார்த்தான், குத்தவைத்துப் பார்த்தான். மருதுபாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னலே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி சுத்திச் சுத்தி வார?"

"பொண்ணு பாக்குறதுல தப்புப் பண்ணுனாக்கூட சமாளிச்சுக் குடும்பம் நடத்திப்புடலாம். இதுல பண்ணக் கூடாது. ஏத்தத்துல மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கிது. கீழ எறக்கிட்டுத் தூக்குனா நல்லது."

"எறக்குனா ஸ்டேரிங்கு கேக்காதுலே. கண்மாய்க்குள்ள கவுந்து கெடக்கும்."

ஏசுவடியான் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தான். அது வாஸ்தவம்தான் என்று அவனுக்கும் பட்டது. "சரி. மொத சோலி, பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் உருளாம அண்டை குடு. இந்தக் கட்ட பூரா முன்னாடி அடுக்கவே சரியாப் போயிரும். வேற நல்லதாப் பாத்துக் குடு. ஓட்டை ஒடைசலக் கொண்டாந்து வைக்காத."

வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் வைக்க ஒரு காய்ந்த கருவேலத் தூர் கிடைத்தது. இடது பக்கத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை. கரைமேல் அங்கும் இங்கும் ஓடினான். உடைமரத்து நிழலில் ஆட்டுக்கல் பருமனில் ஒரு கல் பாதி புதைந்து கிடந்தது. ஒரு வருசத்துப் புழுதி அதன்மேல் அப்பியிருந்தது. தலையில் காய்ந்த நார் ஒன்று சுற்றிக் கிடந்தது. அது பூக்கட்டுகிற வாழைநார். ஒரு மூச்சு நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மருதுபாண்டி நின்று பார்க்கிற ஜாதகமா? நாரைப் பிய்த்து எறிந்தான். கல்லை ஆட்டி ஆட்டிப் பெயர்த்து, வயிற்றோடு அணைத்துத் தூக்கிவந்து, டயருக்கு அடியில் திணித்துக் காலால் நாலு மிதி மிதித்தான்.

"அண்டை குடுத்தியாலே?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு. மலை மாதிரி நிக்கிது. நீ சோலியப் பாரு."

ஏசுவடியான் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டான். அச்சுக்குக் கீழே ஜாக்கியை நிறுத்தி அடிக்க ஆரம்பித்தான். எத்தனை தடவை பார்த்தாலும் மருதுபாண்டிக்கு இது ஒரு அதிசயம்தான். ஒரு தூக்குவாளி அளவுகூட இல்லாத ஜாக்கி, அவ்வளவு பெரிய லாரியின் மூக்கைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோகும். வண்டியும் முனகிக்கொண்டே அடங்கிப் போகும்.

ஏசுவடியானுக்கு அந்த ஜாக்கி மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. "ஜாக்கி தூக்கத்தான்லே, தாங்க இல்ல" என்பான். வண்டி மேலே போகப் போக, வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டையை அடுக்கிக்கொண்டே வரவேண்டும். கடைசியில் ஜாக்கியை இறக்கினால் வண்டி அந்தக் கட்டை அடுக்கின்மேல் உட்காரும், அச்சு தொங்கும். அதற்கு அப்புறம்தான் பட்டையில் கை வைப்பான். அதுவரைக்கும் உடம்பை வண்டிக்கு அடியில் கொண்டுபோக மாட்டான். பக்கவாட்டில் படுத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டிக் கட்டையைத் தள்ளுவான்.

வலது பக்கம் அடுக்கி முடித்துவிட்டான். இடது பக்கம் கடைசிக் கட்டை ஒன்றுதான் பாக்கி. அதைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

கரிசல் மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும். ஆள் கை தோள்வரைக்கும் போகிற வெடிப்பெல்லாம் உண்டு. அதன் வாயில் புழுதி மூடிவிட்டால் மேலே பார்க்கக் களம் மாதிரி கெட்டியாக இருக்கும். ஜாக்கிக்குப் போட்ட பலகை அப்படி ஒரு வெடிப்பின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தது. பொதுக்கென்று விளிம்பு உள்ளே போனது. பலகை சரிந்தது, ஜாக்கி சாய்ந்தது, லாரி கீழே வந்தது.

அந்தச் சத்தத்தை மருதுபாண்டி சாகிற வரைக்கும் மறக்கமாட்டான். உடைமரத்தில் இருந்த காக்காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு கிளம்பின. வண்டி குலுங்கிப் பின்னால் வந்தது. வலது சக்கரத்துக்கு வைத்திருந்த கருவேலத் தூர் நொறுங்கித் தூளாகப் போனது. இடது சக்கரம் கல்லில் போய் முட்டியது, நின்றது.

"ஏலே ஏசு! ஏசு!"

புழுதி அடங்கியது. ஏசுவடியான் ஒருக்களித்துப் படுத்திருந்தான். வலது கை முழங்கைவரைக்கும் சேஸுக்கும் கட்டை அடுக்குக்கும் நடுவில் இருந்தது. கடைசிக் கட்டை பாதிதான் உள்ளே போயிருந்தது. வண்டி அந்தப் பாதிக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. மிச்சம் இருந்த இடுக்கில் கை இறுகிக்கொண்டது.

"மருது," என்றான் மெதுவாக. "வண்டியத் தொடாத. ஒண்ணையும் தொடாத. பின்னாடி போயி அண்டை இருக்கான்னு பாரு."

பார்த்தான். கல் இருந்தது. டயர் அதன்மேல் பாதி ஏறி, நெறுநெறு என்று அரைத்துக்கொண்டு நின்றது. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் என்பது மருதுபாண்டிக்குத் தெரியாதா? இப்போது லாரியைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒற்றைக் கல். அது நழுவினால் வண்டி ஒரு விரற்கடை பின்னால் வரும். வந்தால் பாதிக் கட்டை உருவிக்கொள்ளும். அப்புறம் கையும் இல்லை, கைக்குப் பக்கத்தில் இருக்கிற தலையும் இல்லை. 

நூற்றெட்டுக்குப் போன் பண்ணினான். திருச்சுழியிலிருந்து வரவேண்டும் என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்து ஆளைத்தான் தூக்கும், லாரியையா தூக்கும்? ஒற்றை ஆளாக என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றபோதுதான் கரைக்குக் கீழே ஆள் சத்தம் கேட்டது. ஆணும் பெண்ணுமாக ஒரு குடும்பமே வந்துகொண்டிருந்தது. தெய்வமே அனுப்பிவிட்டது என்று நினைத்தான்.

அவர்கள் பொன்னேர் பூட்ட வந்தவர்கள். சித்திரையில் ஒரு நல்ல நாள் பார்த்து வருசத்து முதல் உழவைத் தொடங்குவது அந்தப் பக்கத்து வழக்கம். டிராக்டர் வந்த பிறகும் அது மாறவில்லை. இந்தக் குடும்பத்தார் உழவுக்கு முன்னால் கரைமேல் இருக்கிற தங்கள் சாமிக்குப் பொங்கல் படைத்துக் கும்பிடுவார்கள். கோயில் கிடையாது, கூரை கிடையாது, உருவமும் கிடையாது. கரைக்காரர் என்பதுதான் அவருக்குப் பேர். வீட்டில் வைத்த பொங்கலைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு முன்னால் சங்கரம்மாள் வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்த பொம்பளை, புருசன் போன பிறகு அத்தனை காட்டையும் ஒற்றை ஆளாக நின்று வெள்ளாமை பார்ப்பவள். கடப்பாரையும் மண்வெட்டியுமாக அவள் மகன் அழகுராஜா உடைமரத்தடிக்கு முதலில் போய்விட்டான்.

"யம்மோவ்! சாமியக் காணோம்!"

மருதுபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. வாழைநார். கரிசலில் கல். அடப் பாவி, அடப் பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டான். 

அழகுராஜா புழுதியில் கிடந்த கால்தடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். லாரியைப் பார்த்தான். டயருக்கு அடியில் பார்த்தான். முகம் செக்கச்செவேல் என்று போனது.

"எங்க சாமியவா டயருக்குப் போட்டு மிதிக்கிறீக? எந்த ஊருக்காரன்டா நீ?" என்று பாய்ந்து வந்து, கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்தான்.

மருதுபாண்டி ஓடிப்போய்க் கல்லின்மேல் குப்புற விழுந்தான். "எடுக்காதீக! சாமி, எடுத்துப்புடாதீக! முன்னாடி ஆளு மாட்டிக் கெடக்கான்! கல்ல எடுத்தா வண்டி அவன் மேல எறங்கிரும்!"

"கல்லா? கல்லுங்கிறியா? எந்திரிடா!"

கூட வந்த ஆண்கள் ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். ஒருவன் மருதுபாண்டியின் சட்டையைப் பிடித்து இழுத்தான், தையல் டர்ரென்று கிழிந்தது. அவன் கல்லை விடவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவில், முன்னால் இருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "ஏசப்பா... ஏசப்பா..." ஏசுவடியான் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு கிடந்தான்.

சத்தம் தானாகக் குறைந்தது. சங்கரம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். லாரிக்கு முன்பக்கம் போய் மண்ணில் முட்டிபோட்டுக் குனிந்து பார்த்தாள்.

"யாரு பெத்த புள்ளையா நீ? வலிக்குதாய்யா?"

"கை இருக்கா இல்லையான்னே தெரியலம்மா."

"எங்க சாமிய எடுத்தா என்னய்யா ஆகும்?"

ஏசுவடியான் பொய் சொல்லவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "வண்டி பின்னாடி வரும்மா. இந்தக் கட்ட நழுவும். கை போயிரும். தலையும் இங்கனதான் இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான். "தெரியாம எடுத்துட்டான்மா. ஆனா ஒங்க சாமி. நீங்கதான் சொல்லணும்."

அவள் எழுந்து பின்சக்கரத்துக்கு வந்தாள். மருதுபாண்டி கல்லைக் கட்டிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி கிடந்தான். கால் பட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற சாமி. அதன்மேல் ஊர்ச் சாணியெல்லாம் மிதித்துவந்த டயர் ஏறி நிற்கிறது. டயர் உரசின இடத்தில் புழுதி உதிர்ந்து, காலம் காலமாகத் தேய்த்த எண்ணெய்க் கறுப்பு மினுமினுவென்று தெரிந்தது. அதற்கு நடுவே பழைய மஞ்சளும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சங்கரம்மாள் குனிந்தாள். அவள் அந்தக் கறுப்பைத் தொட்டாள். டயரையும் தொட்டுப் பார்த்தாள். லாரியை அண்ணாந்து பார்த்தாள். இவள் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லில்தான் ஏசுவடியானின் உயிர் இருக்கிறது என்று மருதுபாண்டிக்குத் தெரிந்தது.

"அழகுராசா, கடப்பாரைய எடு."

"யம்மா!"

"எடுடான்னா எடு." அவள் குரல் உயரவே இல்லை. "நா இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இவருக்குப் பொங்க வச்சுக் கும்புடுறேன். சும்மா உக்காந்துருக்கவரத்தான் பாத்துருக்கேன். இன்னைக்கித்தான்டா அவரு வேல பாக்குறதப் பாக்குறேன். வேல பாத்துக்கிட்டு இருக்கவரக் கையப் பிடிச்சு இழுக்கப் போறியாடா நீயி?"

 மருதுபாண்டிக்கு உச்சந்தலையில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் சிலிர்த்தது. கல்லைக் கட்டிக்கொண்டிருந்த கைகளை மெல்ல எடுத்தான். அது என்னவோ தொடக்கூடாத ஒன்றைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல அவனுக்குப் பயமாக இருந்தது. இத்தனை பெரிய லாரி. மலை ஏறி இறங்கிய லாரி. அதை ஒரு முழ உயரம்கூட இல்லாதவர் முதுகைக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார், பக்கத்தில் நின்று இவர்கள் எல்லாரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள்! கூட்டத்தில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். சட்டையைக் கிழித்தவன் அந்தச் சட்டையைத் தட்டிவிட்டு, "எந்திரிங்கண்ணே" என்றான்.

சங்கரம்மாள் அங்கேயே உட்கார்ந்து சந்தனத்தைக் குழைத்தாள். கல்லுக்குத் தடவினாள், யோசித்து டயருக்கும் ஒரு இழுப்பு இழுத்தாள். சூடத்தை எடுத்துத் தீப்பெட்டியைத் தட்டப் போனாள்.

"தீ வேண்டாம்மா," என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "டீசல் வண்டி."

சாகக் கிடக்கிற கிடையிலும் கட்டை ஏசு கட்டை ஏசுதான். பொங்கலைப் படைத்து, சூடம் இல்லாமலே கும்பிட்டார்கள்.

அதற்கப்புறம் வேலை நடந்தது. அழகுராஜா அதே கடப்பாரையால் லாரியின் பின்கதவுப் பலகைகளைப் பெயர்த்தான். தன் வண்டி உடைவதைப் பார்த்துக்கொண்டே மருதுபாண்டி ஒவ்வொரு பலகையாகக் கையில் வாங்கினான். வெடிப்பை மண் போட்டு மூடித் திமிசு அடித்தாற்போலக் குத்திக் கெட்டிப்படுத்தினார்கள். அதன்மேல் பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, ஜாக்கியை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றையும் ஏசுவடியான் படுத்தபடியே சொன்னான். அடிக்க வேண்டியவன் மருதுபாண்டி.

"ஏலே, அவசரப்படாத."

"இல்லலே."

"ஒரு அடி அடி. நிறுத்து. அண்டையப் பாக்கச் சொல்லு. பெறகு அடுத்த அடி."

பிறந்ததிலிருந்து நிதானம் என்றால் என்னவென்று தெரியாத மனிதன் அன்றைக்கு நிதானத்தைப் படித்தான். ஒரு அடி அடித்துவிட்டு நிற்பான். பின்சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்திருந்த அழகுராஜா, கண்ணைக் கல்லை விட்டு எடுக்காமல், "சாமி அசையல!" என்பான். அடுத்த அடி. "சாமி அசையல!" கரை பூராவும் வேறு பேச்சு இல்லை. லாரி மயிரிழை மயிரிழையாக மேலே போயிற்று. வேர்வை மருதுபாண்டியின் கண்ணில் இறங்கி எரித்தது, துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. "சாமி அசையல!" என்று ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாதிக் கட்டையைக் கடப்பாரை நுனியால் முழுசாக உள்ளே தள்ளினார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் கொடுத்தார்கள். ஏசுவடியான் கையை இழுத்தான். வந்துவிட்டது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து அவனை உடைமர நிழலுக்கு இழுத்துவந்தார்கள்.

தோல்கூடக் கிழியவில்லை. ஆனால் கை கருநீலமாக வீங்கியிருந்தது, கட்டையின் ரேகை அதில் அப்படியே பதிந்திருந்தது. மணிக்கட்டு தொங்கியது. ஏசுவடியான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தான். உயிர் போகக் கிடந்தபோது இல்லாத பயம் இப்போது அவன் கண்ணில் வந்தது.

"ஏலே மருது, வெரலு கேக்க மாட்டேங்குது."

சம்மட்டி பிடிக்கிற கை. அந்தக் கை இல்லாவிட்டால் பட்டறை இல்லை. மருதுபாண்டி பக்கத்தில் உட்கார்ந்தான். "வந்துரும்லே, வந்துரும்" என்று பிதற்றிக்கொண்டே அந்த விரல்களைத் தேய்த்துவிட்டான். ஏசுவடியான் முகம் மாறவே இல்லை. அவனுக்கு அங்கே தொடுகிறதுகூடத் தெரியவில்லை.

கும்பலில் யாரோ, இனிமேல் சாமியை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிடலாமா என்று கேட்டார்கள். "வண்டி எறங்குற வரைக்கும் இருக்கட்டும்," என்றாள் சங்கரம்மாள். மருதுபாண்டி போய் அவள் காலில் விழுந்தான்.

"தெரியாமப் பண்ணிட்டேன் ஆத்தா. கல்லுன்னு நெனச்சுப்புட்டேன்."

"கல்லுதான்யா. கல்லா இல்லாமயா டயரு நின்னுச்சு? எந்திரி, எந்திரி. சட்டையப் பாரு, கந்தலாக் கெடக்கு."

பொங்கலைப் பங்கு வைத்தார்கள். ஆம்புலன்ஸ் நரிக்குடி விலக்கைத் தாண்டிவிட்டது என்று போன் வந்தது. எல்லாரும் நிழலில் வட்டமாக உட்கார்ந்து, கையில் வாங்கிய வாழையிலைத் துண்டோடு சாப்பிட ஆரம்பித்தார்கள். சங்கரம்மாள் ஒரு இலையை ஏசுவடியான் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

மருதுபாண்டி வாய்க்குக் கொண்டுபோன பொங்கலை அப்படியே நிறுத்தினான். ஏசுவடியான் வீட்டில் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். இத்தனை வருசச் சேக்காளி, மருதுபாண்டி வீட்டுக் கிடாவெட்டுக்கு வந்தால்கூட ஒரு காப்பியைக் குடித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவான். அதில் இரண்டு பேருக்கும் ஒரு மனத்தாங்கலும் வந்தது கிடையாது. ஆனால் இன்றைக்கு? இவனைக் காப்பாற்றிக் கொடுத்த சாமிக்குப் படைத்தது. அதை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? வேண்டாம் என்று சொன்னால் இவர்கள் மனசு என்ன பாடுபடும்?

ஏசுவடியான் இலையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அம்மா, தப்பா நெனச்சுக்கிறாதீக. நாங்க வந்து..."

"தெரியும்யா," என்றாள் சங்கரம்மாள். "கீழ கெடந்து நீ யாரக் கூப்புட்டன்னு எங் காதுலதான் விழுந்துச்சே. இவருக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே ஒன் பங்கத் தனியா எடுத்து மூடி வச்சுட்டேன். இது படைக்காதது. நீ தின்னு."

மருதுபாண்டி கையிலிருந்த பொங்கல் கையிலேயே இருந்தது. அவள் சாமி டயருக்கு அடியில் கிடக்கிறது. முன்பின் தெரியாத ஒருவன் உயிர் ஊசலாடுகிறது. சுற்றிலும் ஆளாளுக்குக் கத்தி ஓய்ந்த நேரம். அந்த நேரத்தில் இந்தப் பொம்பளை, இவன் பிழைத்து எழுந்துவந்து சாப்பிடுவான் என்று முடிவே பண்ணி, அவன் சாப்பிடக்கூடிய மாதிரி ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். லாரியை ஒரு கல் நிறுத்தியதைப் பார்த்தே அவன் மலைத்துப் போயிருந்தான்.  இதற்கு மேலே ஒரு மனுசி என்ன செய்ய முடியும் என்று நினைத்தான்.

ஏசுவடியான் கண் நிறைந்துவிட்டது. சாப்பிட இடது கையை நீட்டினான். நீட்டியவன் பாதியில் மடக்கிக்கொண்டான். மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி, இலைமேல் வைத்தான். அது அங்கே கிடந்தது. யாரும் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தக் கல்லை எப்படிப் பார்த்தார்களோ, அதே மாதிரி அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"பையத் தின்னுய்யா," என்றாள் சங்கரம்மாள். "ஒண்ணும் அவசரமில்ல."

பொங்கல் இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு பட்டோ என்னவோ, ஏசுவடியான் முகத்தைச் சுளித்தான். "சுடுதுலே," என்றான் மருதுபாண்டியிடம். "மருது, சுடுது! எனக்குத் தெரியுது!" கட்டைவிரல் ஒரு துடிப்புத் துடித்தது. பக்கத்து விரல் அசைந்தது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக, தூங்கி எழுகிற பிள்ளைகள் மாதிரி மெல்ல மடங்கின. பொங்கலில் கொஞ்சம் விரல்களுக்குள் வந்தது. முழங்கைக்கு இடது கையை முட்டுக் கொடுத்து வாய்வரைக்கும் கொண்டுபோனான். பாதி சட்டையில் சிந்தியது, பாதி வாய்க்குள் போனது. மென்று விழுங்கிவிட்டு, இன்னொரு வாய் எடுத்தான்.